மோட்டார் வண்டிக்கு மெருகிடும் இன்பம்

ஓய்வு நேரத்தில் மக்கள் விரும்பி மேற்கொள்ளும் தொழில்களுட் சில, புறத்தே நின்று நோக்குவார்க்கு எளிதில் விளங்காதன. பழைய தபால் முத்திரைகளைத் தேடித் திரிவானையும், தூண்டிலை நீரிலிட்டுப் பகல் முழுதுங் குளக்கரையில் இருப்பானையுங் கண்டு நகைப்பார் உளர். அங்ஙனம் நகைக்கப்படுவார் வரிசையிற் பிந்திச் சேர்ந்தவர், தம் மோட்டார் வண்டியைத் தாமே கழுவித் துடைத்து மெருகிட்டு அதன்பொருட்டு ஒரு விடுமுறை நாளை முழுவதுஞ் செலவிடும் அன்பர்கள். இத்தொழிலை ஆங்கில மக்கள் ‘டீடெயிலிங்’ என வழங்குவர். ஒவ்வொரு சிற்றுறுப்பையுந் தனித்தனி நோக்கிச் செப்பஞ் செய்தல் என்பது அதன் கருத்து. அமெரிக்கா, இங்கிலாந்து, ஜெர்மனி, ஜப்பான் முதலிய தேசங்களில் இதனைப் பிழைப்பாகக் கொண்டோர் பலர். யாம் ஈண்டு ஆராயப் புகுவது அவரைப் பற்றியன்று. கூலி பெறாமல், கைப்பொருளையுஞ் செலவிட்டு, முழங்காலில் நின்று சக்கரத்தின் உட்புறத்தைத் துலக்குவான் ஒருவன் அதன்கண் என்ன இன்பங் காண்கின்றான் என்பதே எமது வினா.

முதற்கண் இத்தொழிலின் முறையைக் கூறுவாம். ஒரு வாளித் தண்ணீரும் ஒரு பழந்துணியும் இருப்பின் வண்டியைக் கழுவிவிடலாம் என்பது பொதுமக்கள் எண்ணம். தேர்ந்தார் எண்ணம் அஃதன்று. அவர் முதலில் வண்டியின்மீது நுரையைப் பொழிந்து, படிந்துள்ள மண் ஊறி இளகித் தானே வழிந்தோடும்படி சிறிது பொழுது விடுவர்; கை படாமலே போகத்தக்க அழுக்குப் போன பின்னரே கை வைப்பர். வாளியும் ஒன்றன்று, இரண்டு. ஒன்றிற் சவர்க்கார நீர். மற்றொன்றில் வெறு நீர். துடைக்குங் கையுறையை ஒவ்வொரு தடவையும் வெறு நீரில் அலசிய பின்னரே சவர்க்கார நீரில் தோய்ப்பர். வாளியின் அடியில் ஒரு சல்லடைத் தட்டு இருக்கும்; அலசிய மணல் அதன்கீழ்த் தங்கி மீண்டும் மேலெழாது. கூரையிற் றொடங்கிக் கீழ்நோக்கிச் செல்வர். சக்கரங்களுக்குத் தனி வாளி, தனித் துணி. இவ்வளவும் எதன்பொருட்டெனின், ஒரு மணற்பொடி துணியிற் சிக்கி வண்ணப் பூச்சின்மேல் இழுபடாதிருத்தற் பொருட்டே.

கழுவியதோடு வேலை முடிந்ததாகக் கொள்ளார். வேகத்தை அடக்கும் பிரேக்குகள் தேய்வதனால் எழும் இரும்புத் துகள்கள் வண்டியின் பூச்சிற் பதிந்து கிடக்கும். இவை சவர்க்காரத்துக்கு மசியா. இவற்றைக் கரைக்குந் திரவம் ஒன்றுண்டு. அதனைத் தெளித்தால், இரும்போடு கூடிச் சில நிமிடங்களில் ஊதா நிறங்கொண்டு வழியும். அதன் நாற்றம் பொறுத்தற்கரியது. ஆயினும் வெள்ளை வண்டியின் பக்கங்களில் அவ்வூதா நீர் இழிந்து வருவதைக் காண்பானது மகிழ்ச்சி, இருளில் ஒளிந்திருந்த கள்வனைக் கையுங் களவுமாய்ப் பிடித்தானது மகிழ்ச்சியை ஒக்கும். அதன்பின் வருவது ஜப்பானியர் கண்டுபிடித்த களிமண் போன்றதொரு கட்டி. வழுவழுப்பான நீரைத் தெளித்து, அக்கட்டியைப் பூச்சின்மேல் மெல்ல ஓட்டினால், எஞ்சிய துகள்களை அது பற்றி எடுத்துவிடும். துகள் எஞ்சியுள்ளதா என்று அறிதற்கு ஓர் எளிய வழி உண்டு. மெல்லிய பிளாஸ்டிக் பையொன்றினுட் கையை விட்டுக்கொண்டு வண்டியின் மேற்புறத்தைத் தடவுக. கண்ணுக்குக் கண்ணாடிபோற் றோன்றிய இடம் கைக்கு உப்புத்தாள் போலச் சொரசொரக்கும். களிக்கட்டி ஓட்டிய பின் அவ்விடத்தையே தடவின், கை வழுக்கிக்கொண்டு போகும். இவ்வின்பங்களுட் பாதி கண்ணைச் சார்ந்ததன்று, கையைச் சார்ந்தது என்பதை இதனைச் செய்து பார்த்தவரே அறிவர்.

இனி, பளபளப்பு என்பது யாது? சமமான பரப்பின்மேல் விழும் ஒளி ஒரே நெறியில் மீளும். ஆதலின் அதன்கண் எதிரேயுள்ள மரமும் வானமும் உருச் சிதையாது தோன்றும். கீறல்கள் நிறைந்த பரப்பின்மேல் விழும் ஒளி பல நெறியிற் சிதறும். ஆதலின் அது மங்கித் தோன்றும். கறுப்பு வண்டியொன்றை நண்பகல் வெயிலில் நிறுத்தி நோக்கின், சூரியனது பிம்பத்தைச் சூழச் சிலந்தி வலைபோல் வட்டம் வட்டமாக நுண்கீறல்கள் தென்படும். வட்டமாகத் துடைத்ததனால் வட்டக் கீறல் உண்டாயிற்று என்று பலருங் கருதுவர். உண்மை வேறு. கீறல்கள் எல்லாத் திசையிலுங் கிடக்கின்றன. அவற்றுள் ஒளிக்குக் குறுக்காகக் கிடப்பனவே அதனை நம் கண்ணுக்குத் திருப்பும். ஏனையவை மறைந்து நிற்கும். ஆதலின் நாம் எங்கே சென்று நோக்கினும் வட்டம் நம்முடன் கூடவே வருகின்றது. இதனை அறிந்தவன் கையில் விளக்கொன்றை ஏந்தி, வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, பிறர் கண்ணுக்குப் படாத குறைகளைத் தேடுவான். ஒரு பயிற்சியினால் கண் கூர்மையடைதல் பேரின்பமே. அதனோடு ஒரு சிறு துன்பமும் ஒட்டிக்கொள்ளும். கீறலைக் காணக் கற்றவன் அதன்பின் அதனைக் காணாதிருக்கக் கற்றல் அரிது.

இக்கீறல்களை நீக்குவதே மெருகிடலின் நடு வேலை. அலுமினியம் ஆக்ஸைடு முதலிய நுண்பொடி கலந்த பசையை நுரைமெத்தையில் இட்டு, மின்சாரப் பொறியாற் சுழற்றித் தேய்ப்பர். அமெச்சூர் அன்பர்கள் பெரிதும் பயன்படுத்தும் பொறி, சுழலும்போதே மையம் விலகி ஆடவுஞ் செய்வது. ஓரிடத்திலேயே வெப்பம் மிகுந்து பூச்சைத் தீய்த்துவிடாது. நம் இல்லங்களிற் புளியும் சாம்பலும் இட்டுக் குத்துவிளக்கைத் துலக்குவார்க்கு இம்முறை புதிதன்று. பொடி நுண்ணிதாக ஆக மெருகு மிகும் என்பது பொற்கொல்லரும் அறிந்ததே. இறுதியில் மெழுகு இடுவர்.

அம்மெழுகின் வரலாறு சுவையுடைத்து. பிரேசில் தேசத்தின் வடகிழக்கில், மழை பொய்க்கும் நிலங்களில், கார்னாபா என்னும் ஒருவகைப் பனை வளர்கின்றது. வறட்சிக் காலத்தில் தன் ஓலையின் ஈரம் போகாதபடி அப்பனை தன்மேல் ஒரு மெழுகைப் பூசிக்கொள்ளும். ஓலையை வெட்டி உலர்த்தித் தட்டினால் அம்மெழுகு பொடியாக உதிரும். அஃது உருகுதற்கு 82 முதல் 86 பாகை சென்டிகிரேடு வெப்பம் வேண்டும், நீரிற் கரையாது, இயற்கை மெழுகுகளுள் மிக்க கடினமானவற்றுள் ஒன்று. அமெரிக்காவில் விஸ்கான்ஸின் மாகாணத்து ரசீன் நகரில் மெழுகு வாணிகம் நடத்திய எச். எப். ஜான்ஸன் என்பார், 1935-ஆம் ஆண்டில், நிலத்திலும் நீரிலும் இறங்கவல்ல ஸிகோர்ஸ்கி விமானம் ஒன்றிலேறி, போகவும் வரவும் ஏறக்குறைய 15,000 மைல் பறந்து, இப்பனையைக் கண்டறிய பிரேசிலின் போர்த்தலேஸா நகர் வரை சென்று மீண்டார். அவர்தம் மைந்தர் 1998-இல் அவ்விமானத்தைப் போன்றதொன்றைச் செய்வித்து, தந்தை சென்ற வழியே தாமும் பறந்தார். ஒரு சிறு டப்பா மெழுகைத் திறப்பவன் இதனையெல்லாம் நினைப்பான் என்று யாம் கூறவில்லை; ஆயினும் எத்துணைத் தொலைவிலிருந்து அவன் கைக்கு அது வந்தது என்பதை அறிதல் நன்று.

மெழுகிட்ட பரப்பின்மேல் மழை பெய்யின், நீர் பரவாது முத்து முத்தாக உருண்டு நிற்கும். தாமரையிலைத் தண்ணீரை உவமை கூறுதல் நம் நாட்டு வழக்கு. இரண்டிற்கும் ஒற்றுமையும் உண்டு, வேற்றுமையும் உண்டு. தாமரையிலையின்மேல் மெழுகு மாத்திரமன்றி, கண்ணுக்குப் புலனாகாத நுண்ணிய மேடுகளும் நிறைந்துள்ளன. அம்மேடுகளின் நுனிகளில் மாத்திரம் நீர் நிற்றலால் அது சற்றும் ஒட்டாது ஓடிவிடுகின்றது. வண்டியின்மேல் மெழுகு உண்டு, மேடுகள் இல்லை. ஆதலின் முத்துக்கள் நிற்கும், முற்றும் ஓடா. அவை வெயிலில் அப்படியே காய்ந்தால், நீரிலுள்ள சுண்ணாம்பு தங்கி வெண்புள்ளிகளாகும். மழை நின்றவுடன் சிலர் குடையுந் துணியுமாக வாயிலுக்கு ஓடுவதன் காரணம் இதுவே. இக்காலத்தில் ஸிலிக்கான் டையாக்ஸைடு அடங்கிய கடினப் பூச்சுக்கள் வந்து, சில வாரமோ சில மாதமோ நிற்கும் மெழுகினைப் பெரிதும் வென்றுவிட்டன. ஆயினும் மெழுகை விடாதார் பலர். அது விரைவிற் போய்விடும் என்பதே அவர்க்கு நன்மையாகத் தோன்றுகிறது; மீண்டும் இடலாமன்றோ!

மோட்டார் வண்டி தோன்றிய காலத்தில் அதற்கு வண்ணமிடுதல் வாரக்கணக்கில் நடக்கும் வேலையாயிருந்தது. குதிரை வண்டிக்குப் போலவே வார்னிஷைத் தூரிகையாற் பல முறை தடவி உலர விட்டனர். ஹென்றி போர்டு 1914 முதல் 1925 வரை தமது மாடல் டி வண்டியைக் கறுப்பு நிறம் ஒன்றிலேயே விற்றார். 1923-ஆம் ஆண்டு டூபாண்ட் கம்பெனியார் ‘டூகோ’ என்னும் லாக்கர் பூச்சை வெளியிட்டனர். விரைந்துலர்வது, பல நிறங்களில் வருவது. அது முதல் வண்டியின் நிறம் உரிமையாளன் மனத்துக்கு உரியதாயிற்று. அந்நிறம் மங்காது காத்தலும் அவன் கவலையாயிற்று.

சிகாகோ நகரத்து பென் ஹிர்ஷ் என்பார் 1941-இல் ஒரு மெருகுத் திரவத்தைச் செய்து விற்கத் தொடங்கினார். பின்னர் ‘டர்ட்டில் வாக்ஸ்’ எனப் பெயர் பெற்றது அதுவே. அவர் பேஸ்பால் ஆட்டக்களத்தருகே நிறுத்தப்பட்டிருந்த வண்டிகளின் ஒரு பக்கத்துத் தகட்டை மாத்திரம் மெருகிட்டுவிட்டு, ஆட்டம் முடிந்து உரிமையாளர் வரும் வரை காத்து நிற்பாராம். வந்தவன் தன் வண்டியின் ஒரு பாகம் புதிது போல ஒளிர்வதையும், ஏனைய பாகம் அழுக்கேறியிருப்பதையுங் கண்டு, சீசா ஒன்றை வாங்காது போதல் எங்ஙனம்? இக்கதையில் வாணிகத் தந்திரம் மிகுதி. எனினும் எமது வினாவுக்குரிய விடையின் ஒரு பகுதி இதன்கண் அடங்கியிருக்கிறது. இற்றை நாள் அன்பர்களும், வண்டியின் மூடியின் நடுவே காகித நாடாவை ஒட்டி, ஒரு பாதியை மாத்திரம் மெருகிட்டு, நாடாவை உரித்து இரு பாதிகளையும் ஒப்பு நோக்கி மகிழ்வர். தான் செய்த வேலையின் பயனைத் தன் கண்முன்னே, கோடு கிழித்தாற்போலக் காணும் பேறு நம்மிற் பலருக்குத் தத்தம் உத்தியோகத்திற் கிடைப்பதில்லை. கணக்கெழுதுவான் எழுதிய கணக்கு நாளையும் வரும். ஆசிரியன் கற்பித்ததன் பயன் இருபது ஆண்டு கழித்துத் தெரியலாம், தெரியாமலும் போகலாம். மெருகிடுவானுக்கோ நாடாவை உரித்த கணமே தெரியும்.

மிஹாய் சிக்சென்ட்மிஹாயி என்னும் உளநூற் புலவர், மலையேறுவார், சதுரங்கம் ஆடுவார், அறுவை மருத்துவர், நடனமாடுவார் முதலியோரை வினவி ஆராய்ந்து, 1975-இல் ஒரு நூல் வெளியிட்டார். செய்யவேண்டியது இன்னதெனத் தெளிவாயிருத்தல், செய்தது சரியோ பிழையோ என்பது உடனே தெரிதல், வேலையின் அருமை செய்வானது திறனுக்கு ஒத்திருத்தல் ஆகிய இவை கூடியவிடத்து, மனம் வேலையில் ஒன்றிக் காலம் போவதை அறியாது நிற்கும் என்பது அவர் கண்ட முடிபு. அந்நிலையை ஓட்டம் என்னும் பொருள்பட ‘ப்ளோ’ என்றார். மெருகிடலில் இம்மூன்றும் ஒருங்கே அமைந்துள்ளன. காலையிற் றொடங்கியவன், நிழல் நீண்ட பின்னரே தான் உண்ணவில்லை என்பதை நினைப்பான்.

வேறொரு காரணமும் உண்டு. அதனை யாம் பெரிதாக மதிக்கின்றோம். முற்காலத்தில் வண்டி வைத்திருந்தவன் அதன் எஞ்சினைத் திறந்து, கார்புரேட்டரைத் துடைத்து, பொறிமுளையைத் திருத்தி, தன் வண்டியைத் தானே செப்பனிடக்கூடியவனாயிருந்தான். இற்றை வண்டியின் எஞ்சின், கணிப்பொறிகளால் ஆளப்படுவது. மூடியைத் திறந்தால் பிளாஸ்டிக் மூடியொன்றே எதிர்ப்படும். மின்கல வண்டியிலோ அவ்வெஞ்சினும் இல்லை. உள்ளே புகும் உரிமை தொழிற்சாலையார்க்குச் சென்றுவிட்டது. உரிமையாளன் கைக்கு எஞ்சியது வண்டியின் தோலே. அத்தோலின்மேலேனும் தன் கைத்திறனைக் காட்ட அவன் விழைதல் வியப்பன்று. தன் கை பட்ட பொருளை மனிதன் அதிகம் மதிப்பான் என்பதும் உண்மை. 2012-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் மூவர் வெளியிட்ட கட்டுரையொன்றில், காகிதத்தை மடித்துப் பறவை முதலிய உருவஞ் செய்த கற்றுக்குட்டிகள், தாம் செய்த கோணல் உருவங்களுக்குத் தேர்ந்த கைவினைஞர் செய்தவற்றுக்கு ஏறக்குறைய ஒத்த விலையைத் தந்தமை காட்டப்பட்டது.

இங்கே ஒரு தடை எழும். வண்டி கழுவுதல் இத்துணை இன்பமாயின், கூலிக்குக் கழுவுவான் ஏன் மகிழ்ந்திலன்? இங்கிலாந்தில் கையாற் கழுவும் நிலையங்களைப் பற்றி பார்லிமெண்டின் சுற்றுச்சூழற் குழுவினர் 2018-ஆம் ஆண்டு ஓர் அறிக்கை வெளியிட்டனர். அவற்றிற் சிலவற்றில் வேலையாட்கள் அடிமைகள் போல் நடத்தப்படுவதையும், அழுக்கு நீர் சாக்கடை வழியே ஆறுகளைக் கெடுப்பதையும் அவ்வறிக்கை எடுத்துக் கூறிற்று. அதே வாளி, அதே நுரை, அதே கை. வேறுபாடு எங்கே உள்ளதெனின், எப்பொழுது நிறுத்தலாம் என்பதைத் தீர்மானிப்பவன் யார் என்பதிலே உள்ளது. ஒருவன் ஒரு வண்டிக்கு ஒரு பகலைச் செலவிடலாம். மற்றொருவனுக்கு ஒரு வண்டிக்குச் சில நிமிடங்களே உண்டு, அடுத்த வண்டி பின்னால் நிற்கின்றது. ஆகவே இன்பம் வேலையின்கண் இயல்பாக அமைந்து கிடப்பதன்று; வேலையை நன்கு செய்து முடித்தற்குரிய பொழுதைப் பெற்றிருத்தலின்கண் உள்ளது. பொழுதுபோக்குக் கொண்டோர் தம்மைக் கடுமையாக உழைப்பவராகப் பேசிக்கொள்ளுங்கால் இதனை மறவாதிருத்தல் அவர்க்கு அழகு.

இனி இத்தொழிலின் நடுவே உள்ள இடரைக் கூறவேண்டும். 1980-ஆம் ஆண்டுகள் முதற் பெரும்பாலான வண்டிகளில் நிறப்பூச்சின்மேல் நிறமற்ற பூச்சொன்று இடப்படுகின்றது. அதன் கனம் 40 அல்லது 50 மைக்ரான் அளவினதே. ஒரு மைக்ரானாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு கூறு. மனிதன் தலைமயிரே பெரும்பாலும் அதனினும் தடித்தது. வெயிலைத் தாங்கி நிறத்தைக் காப்பது இம்மெல்லிய போர்வையே. மெருகிடல் என்பதோ கீறலை நிரப்புவதன்று. கீறலின் அடிமட்டம் வரை சுற்றியுள்ள பூச்சைச் சீவிவிடுவது. ஒவ்வொரு மெருகும் அப்போர்வையிற் சிறிது சிறிதாக உண்கின்றது. உண்டது மீளாது. அளவுக்கு மிஞ்சி மெருகிட்ட வண்டியில், சில ஆண்டுகளுக்குப் பின் அப்போர்வை வெளுத்து, பாம்பு சட்டையுரித்தாற்போல் உரியும். தம் வண்டியை மிக நேசித்தார் சிலரே அதனை விரைவிற் கெடுத்தவராதல் இவ்வாற்றானே. ஆதலின் தேர்ந்த அன்பன் பூச்சின் கனத்தை அளக்குங் கருவியொன்றை வைத்துக்கொண்டு, தகடு தகடாக அளந்து, எந்தக் கீறலை நீக்கலாம், எதனை விட்டுவிட வேண்டும் என்று கணக்கிடுவான். விட்டுவிடக் கற்பது இத்தொழிலில் இறுதியாகக் கைவருவது; சிலர்க்கு அது வருவதேயில்லை.

மருந்துகளிலும் எச்சரிக்கை வேண்டும். சக்கரங்களைத் துலக்கும் திரவங்களுட் சில ஹைட்ரோபுளோரிக் அமிலத்தைக் கொண்டவை. அவ்வமிலம் தோலிற் பட்டால் முதலில் வலியும் தோன்றாமல் உள்ளே சென்று எலும்பு வரை கெடுக்கும். கறை சிறிது தங்கினாலும் கேடில்லை. அவ்வகைத் திரவத்தை இல்லத்தில் வைத்தலாகாது என்பது எமது துணிபு.

தண்ணீரைப் பற்றியும் ஒரு சொல். ஜெர்மனியிற் பல ஊர்களில், நிலத்தடி நீர் கெடும் என்று, தெருவில் வண்டி கழுவுதல் விலக்கப்பட்டுள்ளது. இங்கிலாந்தின் சில பகுதிகளில் 2012-இலும் 2022-இலும் வறட்சியின் காரணமாக ரப்பர்க் குழாயால் வண்டி கழுவுதலைத் தடுத்தனர். வாளியால் கழுவத் தடையில்லை. இத்தகைய தடைகள் அன்பர்களைத் தளர்த்திவிடவில்லை. அலச வேண்டாத ஒருவகைத் திரவத்தை ஏறக்குறைய 8 லிட்டர் நீரிற் கலந்து, பல துணிகளை அதில் ஊறவிட்டு, ஒரு துணியின் ஒரு முகத்தை ஒரு தகட்டுக்கு மேற் பயன்படுத்தாமல், முழு வண்டியையும் துடைத்து முடிப்பார் இன்று பலர். ஓடுங் குழாய் இதற்குப் பன்மடங்கு நீரை வீணாக்கும். நெருக்கடி திறமையை வளர்த்ததற்கு இஃதொரு சான்று.

இப்பொழுதுபோக்கின் உச்சியில் நிற்பது வண்டி அழகுப் போட்டி. கலிபோர்னியாவில் பெப்பிள் பீச் என்னும் கடற்கரைப் புல்வெளியில் 1950-ஆம் ஆண்டு தொடங்கிய போட்டி உலகப் புகழ் பெற்றது. முதலில் அங்கே புது வண்டிகளே பரிசு பெற்றன. 1955-இல், பின்னாளில் 1961-ஆம் ஆண்டு மோட்டார்ப் பந்தய உலக வீரராகிய பில் ஹில் என்பார், 1931-ஆம் ஆண்டுப் பியர்ஸ்-ஆரோ வண்டியொன்றைச் செப்பனிட்டுக் கொணர்ந்து தலைமைப் பரிசு பெற்றார். அன்று முதற் பழைய வண்டிகளைப் புதியன போலாக்கும் ஆர்வம் பெருகிற்று. பெருகியது அளவு கடந்தும் போயிற்று. தொழிற்சாலையினின்று வந்த நாளிலும் இல்லாத மெருகை அவ்வண்டிகள் ஏறின. திருகாணியின் தலையும் கண்ணாடி ஆயிற்று. அவ்வண்டிகளின் பழம்பூச்சும், அவற்றோடு அவை கடந்து வந்த காலத்தின் தடங்களும், சுரண்டி எறியப்பட்டன. இதனை உணர்ந்த போட்டியார் 2001 முதல், செப்பனிடப்படாது காக்கப்பட்ட வண்டிகளுக்கெனத் தனி வகுப்பொன்றை ஏற்படுத்தினர். அவ்வகுப்பிற் போட்டியிடுவான் வேலை மெருகிடுவான் வேலையினும் அரிது. அழுக்கை நீக்கவேண்டும், பழமையை நீக்கலாகாது. துணி எங்கே நிற்கவேண்டும் என்பதை மயிரிழையளவு அறிந்திருக்க வேண்டும்.

2024-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், அப்போட்டியின் வரலாற்றில் முதன்முறையாக, இவ்வகுப்பைச் சேர்ந்த வண்டியொன்று தலைமைப் பரிசு பெற்றது. அது 1934-ஆம் ஆண்டில் பந்தயத்திற்கென்று செய்யப்பட்ட புகாட்டி 59 வகை வண்டி. பின்னர் பெல்ஜியம் தேசத்து மூன்றாம் லியோபோல்டு மன்னருக்கு உரியதாயிருந்தது. மஞ்சட் கோடிட்ட அதன் கறுப்புப் பூச்சு மன்னர் காலத்ததே. வெடிப்பும் தேய்வும் உடைய அப்பூச்சோடு, கண்ணாடிபோல் ஒளிர்ந்த வண்டிகளின் நடுவே அது புல்வெளியில் நின்றது.